தலையீற்றுக் கன்று

காங்கேய நாடு மழை குறைந்த நாடு. செம்மண்ணும் சரளைக் கல்லும் கலந்த அம்மேட்டு நிலத்தில், கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சற் காடுகள் பரந்து கிடக்கும். அவற்றைக் கொறங்காடு என்பர் அந்நாட்டார். ஒரு மழை பெய்தால் போதும். கொழுக்கட்டைப் புல் தலை நீட்டிவிடும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தந்து நிற்கும். வேற்று நாட்டு மாடுகள் நின்றால் இளைத்துப் போகும் அந்த வெயிலில், அப்புல்லைத் தின்று, திமிலும் கொம்புமாய் நிமிர்ந்து நிற்பவை காங்கேயம் மாடுகள். ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைப்பதற்கும் பெயர் பெற்ற இனம் அது. பழையகோட்டையில் வாழ்ந்த நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தேர்ந்து வளர்த்துப் பெருமைப்படுத்தினார் என்பதை அந்நாட்டார் இன்றும் மறவார்.

இவ்வினத்தின் கன்றுகளைப் பிறந்தவுடன் காண்பவர்கள், இவை காங்கேயம் கன்றுகள் தாமா என்று ஐயுறுவர். தாய் வெண்மை கலந்த சாம்பல் நிறமாய் இருக்கும். கன்றோ செங்காவி நிறமாய்ப் பிறக்கும். ஏறக்குறைய ஆறு மாதங்களில் அச்செம்மை சிறிது சிறிதாக உதிர்ந்து, தாயின் நிறம் வந்து சேரும்.

அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டி வாழ்ந்து வந்தாள். இரண்டு ஏக்கர் கொறங்காடும், ஓட்டு வீடும், ஒரு பசுவுமே அவளுக்கு உடைமை. மகன் திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் வேலை செய்து, இரவு ஊர் திரும்புவான். மகளைக் கோயமுத்தூரில் கொடுத்திருந்தாள். அம்மகளின் பையன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அரையாண்டு விடுமுறை தோறும் அம்மாயி வீட்டுக்கு வந்துவிடுவான். கைப்பேசி இல்லாத காலம் அது. அவ்வூரில் தொலைபேசியும் இல்லை.

அவ்வாண்டு மார்கழியில் சிறுவன் வந்தபோது பசு நிறைசினையாய் இருந்தது. அது அதற்குத் தலையீற்று. மடி இறங்கிக் காம்புகள் பருத்திருந்தன. வாலடியின் இரு பக்கமும் தசை தளர்ந்து குழி விழுந்திருந்தது.

"இன்னும் இரண்டு நாள் தாங்காது கண்ணு. உன் விடுமுறைக்குள் கன்று பார்த்துவிடலாம்" என்றாள் கிழவி.

அவள் கணக்குத் தப்பவில்லை. மூன்றாம் நாள் மாலை பசு தீனி எடுக்க மறுத்தது. படுப்பதும் எழுவதுமாய்த் தவித்தது. முன்னிரவில் பனிக்குடம் உடைந்தது. சிறிது நேரத்தில் முன்னங்கால்கள் இரண்டின் குளம்புகளும் தெரிந்தன. அவற்றின்மேல் படிந்தாற்போல் மூக்கு நுனியும் தெரிந்தது. முறையான ஈற்றின் அடையாளம் அதுதான். ஆயினும் தலையீற்று ஆதலால் வழி இறுக்கமாய் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குமேல் பசு முக்கித் தளர்ந்தது. முடிவில் கிழவியும் மகனும் கன்றின் கால்களைத் துணியாற் பற்றி, பசு முக்கும்போது மட்டும் மெல்லக் கீழ்நோக்கி இழுத்துத் துணை செய்ய, கன்று வைக்கோலின்மேல் வந்து விழுந்தது.

விழுந்த கன்று அசையவில்லை.

நல்ல வலிமையோடு பிறக்கும் கன்று, நிலத்தில் விழுந்தவுடன் தும்மித் தலையை உதறும். அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் தள்ளாடி எழும். தானே மடியைத் தேடிச் செல்லும். இக்கன்றோ நனைந்த துணி போலக் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. கிழவி குனிந்து, அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை விரலால் வழித்தெடுத்தாள். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துளையில் விட்டுத் திருப்பினாள். ஒரு முறை, இரு முறை; பயனில்லை. மூன்றாம் முறை கன்று தும்மிற்று. நெஞ்சு ஒரு முறை விம்மி எழுந்தது.

"அம்மா, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கட்டுமா?" என்றான் மகன்.

"வேண்டாம் தம்பி. தூக்கினால் குடல் எல்லாம் நெஞ்சின்மேல் வந்து அழுத்தும். மூச்சு விட வேண்டிய பிள்ளையை அமுக்கலாமா?" என்று தடுத்து, கன்றைப் புரட்டி, மார்பு நிலத்தில் படிய, கால்களை இரு பக்கமும் மடக்கி உட்கார வைத்தாள். ஒருக்களித்துக் கிடந்தால் கீழ்ப்பக்கத்து நுரையீரல் விரிய இடமில்லை; இவ்வாறு அமர்த்தினால் இரண்டும் விரியும். இவ்வுண்மையை அவள் எந்த நூலிலும் படித்தவள் அல்லள். ஐம்பது ஆண்டுகள் கட்டுத்தறியில் கண்விழித்தவள்.

பின்னர் மூவருமாகக் காய்ந்த வைக்கோலைக் கொத்தாக எடுத்து, கன்றின் உடலை அழுத்தித் தேய்த்தார்கள். அது தாய் நாவால் செய்ய வேண்டிய வேலை. தாய்ப்பசு நக்கும்போது ஈரம் உலர்வதோடு, கன்றின் உடலில் குருதி ஓட்டமும் விரைவுபடுகிறது. தாய் தன் கன்றின் மணத்தை அறிந்துகொள்வதும் அப்போதுதான். ஆனால் இப்பசுவோ இன்னது நடந்தது என்று அறியாமல் மிரண்டு, கயிற்றின் எல்லைவரை விலகி நின்றது. கிழவி ஒரு கைப்பிடித் தவிட்டில் உப்பைக் கலந்து கன்றின் முதுகில் தூவி, பசுவின் முகத்தருகே நகர்த்தினாள். பசு மோந்தது, பெருமூச்சு விட்டது, மீண்டும் விலகியது.

மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. காங்கேய நாட்டுக் குளிர் மலைநாட்டுக் குளிர்போலக் கடுமையானதன்று. ஆயினும் நனைந்த மேனியோடு பிறந்த ஓர் உயிருக்கு, வீசும் காற்று ஒன்றே போதும். கிழவி கன்றின் வாயில் விரலை வைத்துப் பார்த்தாள். வாய் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. விரலைக் கன்று சப்பவும் இல்லை.

அப்போது மகன் உள்ளே சென்று, பரணில் கிடந்த மூங்கிற் குழாயை எடுத்து வந்தான். மாடுகளுக்கு மருந்து புகட்டுவதற்காக நுனியைச் சாய்வாகச் சீவி வைத்த குழாய் அது.

"கொஞ்சம் சீம்பாலைக் கறந்து இதில் ஊற்றிவிடலாம் அம்மா. வயிற்றில் ஏதாவது போனால்தானே தெம்பு வரும்?"

கிழவி அக்குழாயை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதனைக் கட்டுத்தறிக்கு வெளியே, இருளில், எறிந்துவிட்டாள்.

சிறுவன் திடுக்கிட்டான். அம்மாயி எந்தப் பொருளையும் எறிந்து அவன் கண்டதில்லை.

"ஏன் அம்மாயி?"

"சப்பத் தெரியாத பிள்ளைக்கு விழுங்கவும் தெரியாது சாமி. ஊற்றுகிற பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழலுக்குப் போகும். உன் அம்மா கைப்பிள்ளையாய் இருந்தபோது நான் ஒரு கன்றுக்கு அப்படித்தான் ஊற்றினேன். பசியோடு கிடக்கிறதே என்ற பதைப்பு. பால் இறங்குகிறது என்று நினைத்தேன். மூன்று நாள் இருமி இருமி, நாலாம் நாள் போய்விட்டது."

அவள் கைகள் வைக்கோலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கன்று போனால் பால் போச்சு. உன் அப்புச்சி அந்தக் கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, நாலு குச்சியைக் காலாக நட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். பசு அதைக் கன்று என்று எண்ணி நக்கும், நான் கறப்பேன். அந்தப் பாலைத்தான் உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். இத்தனை காலம் ஆகியும் அந்த நக்கல் சத்தம் காதில் இருக்கிறது."

நாட்டுப் பசுக்கள் பெரும்பாலும் கன்று முட்டாமல் பால் சுரவா. ஆகவே கன்றை இழந்த பசுவின்முன் வைக்கோற் கன்றை நிறுத்திக் கறப்பது ஊர்களில் வழக்கமாய் இருந்தது. வறியவர் வீட்டுக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்னும்போது அதனைக் குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆயினும் அதனை ஒரு முறை செய்தவர், மறுமுறை செய்ய விரும்பார்.

மகன் ஒன்றும் பேசாமல் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தான்.

முதலில் சூடு, பிறகு பால் என்பது கிழவியின் முடிவு. காற்று வரும் பக்கத்தில் சோளத்தட்டுக் கட்டுகளை அடுக்கிச் சுவர்போல் மறைத்தார்கள். தரையில் முழங்கால் அளவுக்கு வைக்கோலைப் பரப்பினார்கள். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி, தோலைச் சுடாதபடி கன்றின் இரு விலாப்புறத்திலும் வைத்து, மேலே கோணிச் சாக்குகளைப் போர்த்தினார்கள். புகை படாத தொலைவில், வைக்கோலுக்கு எட்டாதவாறு, ஒரு சட்டியில் தணல் வைத்தார்கள். சிறுவன் கன்றின் தலையைத் தன் மடியில் ஏந்தி, காதுகளை இரு கைகளாலும் பொத்திக்கொண்டான். அக்காதுகள் வெற்றிலை போல மெல்லியவாய், குளிர்ந்தனவாய் இருந்தன.

இதற்குள் கிழவி பசுவின் பின்கால்களை அணைகயிற்றால் கட்டி, காம்புகளைக் கழுவி, ஒரு செம்பில் சீம்பாலைக் கறந்தாள். மஞ்சள் நிறமாய், தேன்போல் தடித்து இறங்கியது அது. அதனை அடுப்பில் வைத்துக் காய்ச்சலாகாது. காய்ச்சினால் திரைந்து கட்டியாகிவிடும். ஆதலால் வெந்நீர்ப் பாத்திரத்துள் செம்பை வைத்து, கைபொறுக்கும் சூடு மாறாமல் காத்தாள்.

ஒருமணி நேரம் கடந்திருக்கும். "அம்மாயி! விரலை இழுக்கிறது!" என்று கூவினான் சிறுவன்.

கன்றின் நாக்கு அவன் விரலைச் சுற்றி மெல்லச் சப்பியது. கிழவி தன் விரலை வைத்துப் பார்த்தாள். வாயில் இளஞ்சூடு வந்திருந்தது. ஆனால் பாலை எவ்வாறு கொடுப்பது? எழுந்து நிற்க வலிமையற்ற கன்றை மடியில் விடுதல் இயலாது. அரைக் கல் தொலைவில், ஆடு வளர்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் கொடுக்க அவரிடம் ரப்பர்க் காம்பு பூட்டிய புட்டி உண்டு.

"மாமா போகட்டும்" என்றாள் கிழவி. மாமனோ பசுவின் நஞ்சுக்கொடி விழுமட்டும் அதை விட்டு நகரலாகாது, நாய் இழுத்துவிடும், பசுவே தின்றாலும் தின்றுவிடும். சிறுவன் எழுந்தான்.

லாந்தர் விளக்கைக் கையில் பிடித்து, கிளுவை வேலி ஓரமாக அவன் ஓடினான். பகலில் நூறு முறை நடந்த தடம்தான். இரவில் ஒவ்வொரு வெள்வேல மரமும் ஓர் ஆள் போல நின்றது. கால்களில் முள் தைத்ததை அவன் திரும்பி வந்த பின்னரே உணர்ந்தான். ஆட்டுப்பட்டி நாய்கள் குரைத்து மறித்தன. "யாரப்பா அது இந்நேரத்தில்?" என்று குரல் வந்தது.

"தாத்தா, கன்று பாலுக்கு அழுகிறது. குட்டிக்குக் கொடுக்கும் புட்டி வேண்டும்" என்றான் அவன். கன்று அழவே இல்லை. அழுதிருந்தால் அவன் அத்துணை அஞ்சியிருக்க மாட்டான். முதியவர் மேலும் வினவாமல் புட்டியை எடுத்து, வெந்நீரால் கழுவி, அவனோடு தாமும் நடந்து வந்தார்.

முதலில் கால் லிட்டர் பால்தான் கொடுத்தார்கள். கன்றின் கழுத்தைச் சற்றே நீட்டி, மூக்கு கண்ணுக்குமேல் உயராதவாறு பிடித்து, அது சப்பும் அளவுக்கே புட்டியைச் சாய்த்தார் முதியவர். சப்பிக் குடிக்கும்போது கன்றின் தொண்டைக்குக் கீழே ஓர் உட்பள்ளம் குழாய்போல் மூடிக்கொள்கிறது. பால் முதல் இரைப்பையில் தங்கிப் புளிக்காமல், அப்பள்ளத்தின் வழியே நேராக நான்காம் இரைப்பையைச் சென்று சேர்கிறது. இயற்கை அமைத்த இவ்வழியை அறியும்போது வியப்பே மிஞ்சுகிறது. இருபது கிலோ அளவுள்ள கன்றுக்கு முதல் சில மணி நேரத்துள் இரண்டு லிட்டர் சீம்பால் சென்று சேர வேண்டும். ஒரே தடவையில் குடிக்க இக்கன்றால் இயலவில்லை. ஆகவே விடியுமட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து முறை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பையன் புட்டியில் பால் இறங்கும் அளவை லாந்தர் ஒளியில் உற்றுப் பார்த்தான்.

காலையில் மகன் மிதிவண்டியில் சென்று கால்நடை மருத்துவரை அழைத்து வந்தான். அவர் கன்றின் வெப்பத்தை அளந்தார். பாரன்ஹீட் அளவில் 100 டிகிரி இருந்தது. "101, 102 இருக்க வேண்டும். ஆயினும் ஏறிக்கொண்டிருக்கிறது. இரவில் என்ன செய்தீர்கள் அம்மா?" என்றார். கிழவி சொன்னாள். அவர் இடைமறியாமல் கேட்டார். பிறகு கொப்பூழ்க் கொடியைப் பார்த்து, "இதில் என்ன தடவினீர்கள்?" என்று வினவினார்.

"மஞ்சள்தான் தடவினேன், சாமி."

"மஞ்சள் மட்டும் போதாது. கொப்பூழ் என்பது திறந்து கிடக்கும் வாசல். நோய்க்கிருமி அவ்வழியே நுழைந்தால் மூட்டுகள் வீங்கிவிடும்" என்று சொல்லி, டிங்சர் அயோடினை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, கொடி முழுதும் நனையுமாறு தோய்த்தார். இன்னும் இரண்டு நாளைக்கு அவ்வாறே செய்யச் சொல்லி மருந்தையும் கொடுத்தார்.

சிறுவன் அவரை விடவில்லை. "சீம்பால் ஏன் உடனே கொடுக்க வேண்டும்? நாளைக்குக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டான். மருத்துவர் கோணிச் சாக்கின்மேல் அமர்ந்து விளக்கினார். மனிதக் குழந்தை நோயை எதிர்க்கும் பொருள்களுள் ஒரு பகுதியைத் தாயின் வயிற்றிலேயே பெற்றுக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து வாரா. அவை முழுவதும் சீம்பாலில்தான் இருக்கின்றன. பிறந்த கன்றின் குடற்சுவர் அவற்றை அப்படியே குருதிக்குள் விடும். ஆனால் அவ்வழி மணிக்கு மணி குறுகி, ஒரு நாளைக்குள் அடைபட்டுவிடும். "நாளைக்குக் கொடுத்தால் அது வெறும் உணவு. இன்றைக்குக் கொடுத்தால்தான் காவல்" என்றார் அவர்.

அன்று ஊரில் வேறொரு வழக்கு எழுந்தது. பசு ஈன்றால் அண்டை வீட்டாருக்குச் சீம்பால் பகிர்வது அவ்வூர் மரபு. கருப்பட்டி சேர்த்து வேக வைத்தால் சிறுவர் அதற்காக உயிரை விடுவர். குவளையும் கையுமாய் வந்த குழந்தைகளைக் கிழவி வெறுங்கையோடு அனுப்பினாள். "எலும்புங்கன்று, எப்படியும் போகப் போகிறது. அதற்கு இவ்வளவு பாலா?" என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல் எழுந்தது. கிழவி அதற்கு மறுமொழி சொல்லவில்லை. கொடுத்துப் பழகிய கை கொடுக்காமல் இருந்ததே அவளுக்குத் துன்பமாயிற்று என்பதை மகன் மட்டும் அறிவான். அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. விழுந்திருந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, ஊர்க்கோடி ஆலமரத்துக் கிளையில் கட்டிவிட்டு வந்து, அன்றிரவு தாயைப் படுக்கச் சொல்லித் தானே கன்றின் அருகில் விழித்திருந்தான். ஓர் ஆண் கன்று வளர்ந்தாலும் இனி அதனை ஏரில் பூட்டுவார் குறைவு என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் விழித்திருந்தான்.

இரண்டாம் நாள் மாலை கன்று கறுத்துப் பசைபோன்ற முதல் சாணத்தை இட்டது. அவ்வீட்டில் அதனைக் கண்டு மகிழ்ந்த மகிழ்ச்சி, பிறர் அறிந்தால் நகைப்பர். மூன்றாம் நாள் காலை அது முன்னங்கால் முட்டியை ஊன்றிப் பின்புறத்தை உயர்த்தியது, விழுந்தது. மறுபடி உயர்த்தியது. சிறுவன் தாங்கப் போனான். "விடு கண்ணு, அதுவே எழட்டும்" என்றாள் கிழவி. நான்காம் முறை நான்கு கால்களும் நாலு திசையில் விரிந்து நிற்க, கன்று நின்றது.

பசு திரும்பிப் பார்த்தது. மூன்று நாளாக வேற்றுப் பொருள்போல் அஞ்சிய பசு, கழுத்தை நீட்டி, கன்றின் நெற்றியை ஒரு முறை நக்கியது. பின்னர் நிறுத்தவே இல்லை. நாவின் வேகத்தைத் தாங்க மாட்டாமல் கன்று மறுபடி விழுந்தது. விழுந்த இடத்திலும் நக்கியது. கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அணைகயிற்றை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

விடுமுறை முடிந்து சிறுவன் கோயமுத்தூர் சென்றான். தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று தாயுடன் அவன் மீண்டும் வந்தபோது, புதிய ரப்பர்க் காம்பு ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்திருந்தான். பசுவின் கொம்புகளுக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய மாலையை இட்டிருந்தார்கள். அவன் ஓடோடிச் சென்று புட்டியில் பால் நிரப்பி, கட்டுத்தறியின் வாயிலில் மண்டியிட்டு அமர்ந்து, நாவால் ஒலி செய்து அழைத்தான்.

செங்காவி நிறக் கன்று துள்ளி வந்தது. புட்டியை மோந்தது. அவன் கன்னத்தையும் மோந்தது. பிறகு அவனைத் தாண்டிக் குதித்து ஓடி, தாயின் கழுத்து மாலையிலிருந்து ஆவாரம்பூங்கொத்து ஒன்றைப் பற்றி இழுத்து, மடியை முட்டத் தொடங்கியது.

"இந்தப் புட்டியை என்ன செய்வது அம்மாயி?" என்றான் அவன்.

"ஆட்டுக்காரத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு வா சாமி. போகும்போது அவருக்கு ஒரு தூக்குப் பொங்கலும் எடுத்துக்கொண்டு போ."